எச்சரிக்கை எங்கே இருக்க வேண்டும்

அந்த ஆளை எனக்கு முதல் வாரத்திலேயே பிடிக்காமல் போய்விட்டது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நடந்ததை நடுநிலையோடு சொல்ல என்னால் முடியாது. முயன்று பார்க்கவும் விருப்பமில்லை.

நான் மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவள். யாராவது என்ன வேலை என்று கேட்டு நான் இப்படிப் பதில் சொன்னால், அடுத்த கேள்வி வராது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று எழுதுவதற்கெல்லாமா ஆள் வைத்திருக்கிறார்கள் என்று மலேசியாவில் கிள்ளானிலிருந்து என் தம்பி போனில் சிரித்திருக்கிறான். வைத்திருக்கிறார்கள். ஒருவர் குளிரில் நின்றுகொண்டு, கையுறை போட்ட விரலால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்து, அடுத்து என்ன செய்வது என்று தேடும்போது அவருக்குச் சரியான சொல் சரியான இடத்தில் கிடைக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அப்போது நான் இருந்த நிறுவனம் குளிரறைகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைச் செய்தது. பழம், பூ, மீன், ஐஸ்கிரீம் என்று எதை அடுக்கி வைத்தாலும் அந்த அறையின் குளிர் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி கவனித்துக்கொள்ளும். அந்தப் பெட்டியோடு பேசுவதற்கான மென்பொருள் எங்களுடையது. அலுவலகம் நகரத்தின் நடுவே, நியூமார்க்கெட்டில். மேற்கு ஓரத்தில், என் வீடு இருக்கும் ரானுயியிலிருந்து ரயிலில் போவேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையேட்டின் பெரும்பகுதியை நான்தான் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதியவர் என்று என் பெயர் இருக்கும்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயத்தைத் தமிழ்தான் எனக்குக் காட்டியது. ஆங்கிலத்தில், இந்தப் பட்டனை அழுத்து என்று முதலில் வந்துவிடும். இன்னின்னதைச் சேமித்த பிறகு என்பது பின்னால் வரும். படிக்கிறவரின் விரல் முதல் பாதியிலேயே அழுத்திவிடும். தமிழில் அப்படி எழுத நினைத்தாலும் சுலபத்தில் வராது. 'சேமித்த பிறகு அழுத்தவும்' என்றுதான் வரும். நிபந்தனை முன்னால், செயல் கடைசியில். நான் ஆங்கிலத்திலும் அப்படியே எழுதினேன். வாக்கியம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை என்று இருந்தேன். எச்சரிக்கைகளையும் அப்படித்தான் வைத்தேன். ஆபத்தான படிக்கு மேலே மஞ்சள் பெட்டி, அதற்குக் கீழே படி.

எங்கள் பழைய மேலாளர் ஓய்வு பெற்ற பிறகு ஆவணப் பிரிவுக்குத் தலைவராக அந்த ஆள் வந்தார். சென்னைக்காரர். என்னைவிடப் பல வயது இளையவர். பெங்களூரில் பெரிய நிறுவனங்களில் இருந்தவர். வந்த அன்றே என் மேசைக்கு வந்து, "அக்கா, தமிழா நீங்க? மலேசியாவா? சூப்பர். இங்க பேச ஒரு ஆள் கிடைச்சாச்சு" என்றார். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அந்த வாரக் கடைசியில், எப்படி எழுத வேண்டும் என்ற விதிகளை, 'ஸ்டைல் கைடை', அறிவிக்கக் கூட்டம் போட்டார். பெரிய திரையில் ஒரு பக்கத்தைக் காட்டி, எப்படி எழுதக் கூடாது என்பதற்கு இது உதாரணம் என்றார். என் பக்கம். அடியில் இருந்த பெயரை மட்டும் வெட்டியிருந்தார். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது யாருடைய பக்கம் என்று தெரியும். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. 'தயவுசெய்து' என்ற சொல்லை எல்லா இடத்திலும் தூவியிருந்தோம், அதை எடுத்தார். 'மிகச் சுலபமாக' என்று எழுதுவதைத் தடை செய்தார். சுலபம் என்று படித்துவிட்டுச் செய்ய முடியாமல் போகிறவருக்கு அது அவமானம் என்றார். நானே அதைப் பல வருஷமாகச் சொல்லி வந்தேன். ஒரு படிக்கு ஒரு செயல். பட்டன் பெயர் தடித்த எழுத்தில். தலைப்பில் முதல் எழுத்து மட்டும் பெரியது. எல்லாம் நல்லது. அவர் அவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கடைசியாக எச்சரிக்கைகளுக்கு வந்தார். பக்கத்தில் மஞ்சள் பெட்டிகள் நிறைய இருப்பதால் ஆட்கள் பயப்படுகிறார்கள், எதையும் படிப்பதில்லை, பக்கம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார். இனி எல்லா எச்சரிக்கைகளையும் பக்கத்தின் அடியில் ஒரே பெட்டிக்குள் சேர்க்க வேண்டும். அந்தப் பெட்டி மடங்கியிருக்கும். விருப்பப்பட்டவர் தொட்டால் விரியும்.

நான் கை தூக்கினேன். படியைச் செய்து முடித்த பிறகு எச்சரித்து என்ன பயன் என்று கேட்டேன்.

"படிக்கிறவங்க முதல்ல பக்கம் முழுக்க ஒரு தடவ ஓட்டிப் பார்ப்பாங்க" என்றார், ஆங்கிலத்தில்.

"நீங்கள் அப்படிப் படிப்பீர்களா?"

சிரிப்பு எழுந்தது. அவர் முகம் இறுகியது. அப்போதே தெரிந்தது, இனி இது எழுத்து நடையைப் பற்றிய சண்டையாக மட்டும் இருக்காது என்று.

அன்றிலிருந்து என் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. காற்புள்ளிக்குக் குறிப்பு, வரி இடைவெளிக்குக் குறிப்பு. நான் எச்சரிக்கையை மேலே வைத்து அனுப்புவேன். அவர் கீழே இறக்கி வெளியிடுவார். நான் மறுபடி மேலே ஏற்றுவேன். ஒரு கட்டத்தில் வெளியிடும் அனுமதியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, "பக்கத்துக்குப் பக்கம் ஒரு ஸ்டைல் இருக்க முடியாதுக்கா. கைடுன்னா கைடு. எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். மற்றவர்கள் முன்னால் ஆங்கிலம் பேசுவார். இப்படி மட்டம் தட்டுவது மட்டும் தமிழில். பக்கத்து மேசைக்காரிக்கு நாங்கள் ஊர்க்கதை பேசுவதுபோல் இருக்கும். ஒருநாள் அவள் என்னிடம், உங்கள் மொழி பேச ஒருவர் கிடைத்தது எவ்வளவு நல்லது என்றாள்.

வீட்டில் இதைச் சொன்னால் என் மகள், "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பாக்ஸ்" என்பாள். கணவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார்.

மே மாதம். அன்னையர் தினத்துக்கு முந்தைய வாரம் என்பதால் எங்கும் பூ. நகரத்தின் தெற்கே தகனினிப் பக்கம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் குளிர்கிடங்கு இருந்தது. அங்கே வெட்டிய பூக்களுக்கென்று ஒரு தனி அறை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் அந்த அறையின் மேற்பார்வையாளரான ஒரு பெண்ணுக்கு அறையின் குளிரைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. வழக்கமாகச் செய்கிறவர் விடுப்பில். அதனால் போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து, அதில் இருந்தபடியே செய்தார். புதிய அளவைக் கொடுத்தார். பெட்டியை ரீஸ்டார்ட் செய்தார். திரையில் அறையின் குளிர் சரியாக இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டார்.

அது பழைய மாடல் பெட்டி. அதில் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அளவுகளைத் தனியாகச் சேமிக்க வேண்டும். சேமிக்காவிட்டால் தொழிற்சாலையில் வைத்த அளவுக்குத் திரும்பிவிடும். தொழிற்சாலை அளவு ஐஸ்கிரீமுக்கானது. அபாயமணி அடிக்க வேண்டிய அளவும் அதோடு சேர்ந்து மாறிவிடும், அதனால் மணியும் அடிக்காது. திரையில் காட்டுவது அந்த நேரத்தில் அறை இருக்கிற குளிரை. அது இறங்கச் சில மணி நேரம் ஆகும். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் இருந்தது. அடியில். மடங்கிய பெட்டிக்குள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது ரோஜாவும் லில்லியும் கண்ணாடிபோல் இருந்தனவாம். தொட்டால் உடைந்தன. வெளியே எடுத்து வைத்ததும் கறுத்துக் கூழாகிவிட்டன. கடைகளுக்குப் போகவேண்டிய லாரிகள் வாசலில் நின்றுகொண்டிருந்தன.

எனக்கு இது தெரிந்தது திங்கட்கிழமை. வாடிக்கையாளர் உதவிப் பிரிவு எங்கள் வரிசைக்குப் பக்கத்தில். அங்கே இருந்த பையன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு சத்தம். கடைசியில் போனின் வாயைப் பொத்திக்கொண்டு, "எழுதினவங்ககிட்டத்தான் பேசுவேங்கிறாங்க" என்று என்னைப் பார்த்தான். கொடுக்கக் கூடாது என்பது விதி. நான் கையை நீட்டினேன், கொடுத்துவிட்டான்.

போனில் இருந்தது அந்த மேற்பார்வையாளர், ஃபிஜியிலிருந்து வந்தவர். ஆங்கிலத்தில்தான் பேசினார், நடுநடுவே ஃபிஜி இந்தியில் திட்டினார்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாம்."

"நீ சொன்னதத்தான் செஞ்சேன். ஒண்ணு விடாம செஞ்சேன். இப்ப என்னை வேலைக்கு வராதேன்னு மேனேஜர் நிறுத்தி வெச்சிருக்கான். விசாரணையாம். அடியில எழுதியிருக்கே, படிக்கலையான்னு கேக்கறான். நீ எதுக்கு அதை அடியில எழுதினே?"

நான் வாயைத் திறந்தேன். அதை நான் அங்கே வைக்கவில்லை என்று சொல்லலாம். அந்த நேரத்தில் அது அவருக்கு எந்த விதத்திலும் உதவாது என்று தோன்றியது.

"அது அங்கே இருக்கக் கூடாது. மேலேதான் இருக்க வேண்டும்" என்றேன்.

"அப்ப உனக்கே தெரியும்" என்றார். போனை வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறையில் எங்கள் பிரிவுத் தலைவர், அவருக்கு மேலே இருந்த இயக்குநர். இயக்குநர் வெள்ளைக்காரப் பெண்மணி. எப்போதும் மென்மையாகப் பேசுவார், அதனால் அவர் சொல்வது உறைக்கச் சிறிது நேரம் பிடிக்கும். வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்ப வேண்டும். கையேட்டில் இந்த ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை தெளிவாக இருந்தது, பயன்படுத்தியவர் அதைப் படிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். பக்கத்தின் ஆசிரியர் என்ற முறையில் நான் அதை உறுதி செய்ய வேண்டும்.

"எச்சரிக்கை இருந்தது. தெளிவாக இல்லை" என்றேன்.

"வாசகம் நீங்கள் எழுதியதுதானே?" என்று இயக்குநர் கேட்டார்.

"வாசகம் என்னுடையது. இடம் இவருடையது."

அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு அதிக ஆத்திரத்தைக் கொடுத்தது. நிதானமாக, ஆமாம், ஸ்டைல் கைடின்படி நான்தான் மாற்றினேன், எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி அது என்றார். ஏதோ வானிலையைச் சொல்வதுபோல் சொன்னார்.

"நான் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தை இப்போதே மாற்றுங்கள். இன்னும் எத்தனையோ இடத்தில் பழைய மாடல் பெட்டி இருக்கிறது" என்றேன்.

இப்போது மாற்றினால் தவற்றை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்றார் இயக்குநர். இந்த விவகாரம் முடியட்டும்.

நான் உறுதி செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படிக்கட்டில் இறங்கினேன். சென்னைக்காரர் பின்னாலேயே வந்தார்.

"அக்கா, நில்லுங்க. எதுக்கு இதைப் பர்சனலா எடுத்துக்கிறீங்க?"

"அங்க ஒரு பொம்பளைக்கு வேலை போகப் போவுது. நீங்க என்னா பர்சனலா கிர்சனலானு பேசிக்கிட்டு இருக்கீங்க?"

"அவங்க ஒரு தடவ ஸ்க்ரோல் பண்ணியிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை."

"ஐஸ்ல நின்னுக்கிட்டு, கையில க்ளவ் போட்டுக்கிட்டு ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்களேன். நீங்க என்னைக்காவது அந்த ரூமுக்குள்ள போயிருக்கீங்களா?"

"நீங்க போயிருக்கீங்களா?"

"போயிருக்கேன்லா. எழுதுறதுக்கு முன்னாடி போனேன். பல்லு தந்தியடிச்சுச்சு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு விசா இந்த வேலைய வெச்சுத்தான் இருக்கு. இங்கயே தங்கறதுக்கு ரெசிடென்ஸ் இன்னும் வரலை. வீட்ல குழந்தை இருக்கு. ஒரு தப்பு நடந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது. புரிஞ்சுக்கோங்க."

புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அவருக்குப் பயம் இருக்கிறது என்றால் அந்தப் பெண்ணுக்கு இருக்காதா? தன் பயத்தைக் கொண்டுபோய் அவள் தலையில் வைத்துவிட்டு என்னிடம் வந்து புரிந்துகொள்ளச் சொல்கிறார்.

"அந்தம்மாகிட்ட போய் இதைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

உதவிப் பிரிவின் கணினியில் அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் இருந்தது. திருப்பிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. நான் அதை எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளரின் எண்ணைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ரானுயி ஸ்டேஷனில் இறங்கி, காருக்குள் உட்கார்ந்து கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன்.

"உங்கள் விசாரணைக்கு நான் வருகிறேன். பக்கம் எப்படி இருந்தது என்று நானே சொல்கிறேன்."

"எதுக்கு? உன் மனசு ஆறவா?"

"உங்களுக்கு வேலை போகாமல் இருக்க."

"உன் ஆபீஸ்ல அனுப்பினாங்களா?"

"இல்லை."

பிறகு, "வியாழக்கிழமை காலைல. லேட்டா வராதே" என்றார்.

விடுப்பு போட்டேன். வீட்டில் எங்கே போகிறேன் என்று கணவரிடம் மட்டும் சொன்னேன். "போகணும்னு முடிவு பண்ணிட்டே. அப்புறம் என்னா? காடியில பெட்ரோல் இருக்கு" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. மோட்டார்வேயில் வழக்கம்போல நெரிசல். தகனினி வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் வலித்தன.

கிடங்கின் வாசலில் அவர் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் சிறிய பொட்டு, சிவப்பு ஃப்ளீஸ் ஜாக்கெட். நான் கை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, உள்ளே போகலாம் என்று நடந்தார். நடக்கும்போதே, தன் அப்பா தமிழ்தான் என்றும், தனக்குத் தமிழில் நான்கைந்து சொல்தான் தெரியும் என்றும், அதில் பாதி கெட்ட வார்த்தை என்றும் சொன்னார். வேடிக்கைக்குச் சொன்னதுபோல் தெரியவில்லை.

கிடங்கின் மேலாளரின் மேசைமேல் ஒரு தாள் இருந்தது. எங்கள் பக்கத்தை அச்சிட்டு வைத்திருந்தார். அச்சிடும்போது மடங்கிய பெட்டியெல்லாம் தானாக விரிந்துவிடும். அதனால் தாளில் எச்சரிக்கை முழுதாக, தடித்த எழுத்தில், பளிச்சென்று இருந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்துத் தட்டினார்.

"இதோ இருக்கிறதே. குழந்தைக்குக்கூடத் தெரியும். இதை எப்படிப் பார்க்காமல் விட முடியும்?"

"உங்கள் போனில் திறந்து பாருங்கள்" என்றேன்.

"எதற்கு?"

"அவர் போனில்தான் படித்தார்."

சலித்துக்கொண்டே திறந்தார். அப்போதும் பக்கம் மாற்றப்படாமல் அப்படியே இருந்தது. காலியாகக் கிடந்த ஓர் அறையைக் காட்டி, அதன் குளிரை அந்தப் பக்கத்தைப் பார்த்து மாற்றிக் காட்டச் சொன்னேன். அவர் மறுத்திருக்கலாம். ஆனால் தான் புத்திசாலி என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டார் என்று நினைக்கிறேன். அந்தப் பெண் தன் கையுறையைக் கழற்றி அவரிடம் நீட்டினார். அவர் போட்டுக்கொண்டார்.

சுவரில் இருந்த பெட்டியின் முன்னால் நின்று ஒவ்வொரு படியாகப் படித்தார், செய்தார். படித்தார், செய்தார். ரீஸ்டார்ட் என்று வந்தது. அழுத்தினார். கடைசிப் படி திரையைச் சரிபார்க்கச் சொன்னது, பார்த்தார். "முடிந்தது" என்று எங்களைப் பார்த்தார்.

நான் அவர் கையில் இருந்த போனைக் காட்டினேன். அவர் போனைப் பார்த்தார். விரலால் கொஞ்சம் தள்ளினார். அடியில் சாம்பல் நிறத்தில் 'கூடுதல் தகவல்' என்று ஒரு வரி இருந்தது. அதைத் தொட்டார். விரிந்ததைப் படித்தார். காது சிவந்துவிட்டது.

"இது ஏமாற்று வேலை" என்றார் என்னிடம்.

"அதைத்தான் நானும் சொல்கிறேன்."

"நான் உங்களைச் சொன்னேன்."

"தெரியும்."

என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்தில் நின்றேன். வெகுநேரம் கழித்து அந்தப் பெண் வந்தார். முடிவை அடுத்த வாரம் சொல்வார்கள் என்றார். ஒரு நன்றி வரும் என்று நான் எதிர்பார்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"அன்னைக்குக் காலைல எல்லாரும் பார்க்க அந்தப் பூவை அள்ளிக் குப்பையில போட்டது நான். என் பொண்ணு வயசுப் பசங்க போன்ல படம் எடுத்தாங்க. நீ அங்க இல்லை."

"இல்லை."

"அதனால பெரிய மனுஷி மாதிரி நிக்காதே" என்றார். போய்விட்டார்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வேலை போகவில்லை. இனி கூப்பிட வேண்டாம். அவ்வளவுதான். நான் கூப்பிடவில்லை.

என் அலுவலகத்தில் விஷயம் தெரிவதற்கு அவ்வளவு நாள்கூட ஆகவில்லை. கிடங்கின் மேலாளர் இயக்குநரிடம் சத்தம் போட்டிருக்கிறார், நஷ்டத்துக்கு வக்கீல் மூலம் வருவேன் என்று. கண்ணாடி அறைக்கு மறுபடி போனேன். வாடிக்கையாளரின் எண்ணை எடுத்தது, அனுமதியில்லாமல் போனது, நிறுவனத்துக்கு எதிராகப் பேசியது. மூன்றும் உண்மை. நிறுவனமும் நானும் ஒத்துக்கொண்டு பிரிவதாக ஒரு தாளைக் காட்டினார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன என்று கேட்டேன். இயக்குநர் மிக மென்மையாகச் சொன்னார்; எப்படியும் வேலை போய்விடும் என்ற அதன் அர்த்தம் ரயிலில் வரும்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. மறுநாள் கையெழுத்துப் போட்டேன்.

சென்னைக்காரரும் அந்த அறையில் இருந்தார். கடைசிவரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் மேசையில் இருந்த கோப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு போகும்போது கதவைத் திறந்து பிடித்தார். நான் இன்னொரு கதவு வழியாகப் போனேன்.

ஜூனில் இங்கே தொடங்கும் குளிர்காலம் முழுக்க வீட்டில் இருந்தேன். விண்ணப்பம் போடுவேன், பதில் வராது. என்னைப் பற்றிச் சென்னைக்காரரிடம் கேட்பார்களே என்ற பயம் வேறு. கணவர் ஓவர்டைம் பார்த்தார். மகள் ஒருநாள், நீங்கள் செய்தது சரிதான், ஆனால் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்திருக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு பாட்டனி டவுன்ஸ் பக்கம் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் மென்பொருள். நகரத்தின் ஒரு கோடியில் இருக்கும் ரானுயியிலிருந்து மறு கோடிக்குக் காரில் போய் வர வேண்டும். நேர்முகத்தில், எந்த ஸ்டைல் கைடைப் பின்பற்றுவீர்கள் என்று கேட்டார்கள். உங்களுடையது எதுவோ அது, எச்சரிக்கை விஷயத்தில் மட்டும் என்னுடையது என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஒரு வருஷம் ஆனது. வேலை சம்பந்தமான தளம் ஒன்றில் சென்னைக்காரருடைய கட்டுரை என் கண்ணில் பட்டது. எச்சரிக்கை ஏன் படிக்கு முன்னால் வர வேண்டும் என்று நீளமாக எழுதியிருந்தார். பூக்கிடங்கு இல்லை, அந்தப் பெண் இல்லை, நான் இல்லை. 'ஒரு வாடிக்கையாளரிடம் நாங்கள் கற்ற பாடம்' என்று இருந்தது. நன்றாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே பலர் பாராட்டியிருந்தார்கள். நான் பதில் எழுத ஆரம்பித்தேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டுப் பாத்திரங்களைக் கழுவினேன். பாத்திரத்தின் சத்தத்தில் கணவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பழைய நிறுவனத்தின் கையேட்டையும் அன்று போய்ப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் மஞ்சள் பெட்டிகள் மேலே ஏறியிருந்தன. என் வாசகங்கள் ஒரு சொல் மாறாமல் இருந்தன. பக்கத்தின் அடியில் பெயர் போடும் வழக்கத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன தீபாவளிக்கு, கோவில் மண்டபத்தில். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் ஒரு இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். தட்டை ஒரு கையால் சமாளிக்க முடியாமல் இருந்ததால் நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். எந்தப் பக்கம் இருக்கீங்க, என்ன வேலை பாக்குறீங்க என்று பேச்சுக் கொடுத்தாள். கையேடு எழுதுகிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

"அட, எங்க வீட்டுக்காரரும் அதே வேலைதான். இருங்க, கூப்பிடறேன். இங்க அவருக்கு இதைப் பத்திப் பேச ஆளே இல்லைன்னு புலம்பிட்டே இருப்பாரு."

அவள் கையசைத்த திசையில் அவர் வந்துகொண்டிருந்தார். பட்டு வேட்டி, கொஞ்சம் உடம்பு போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நடை தயங்கியது. பிறகு வந்துவிட்டார்.

"அக்கா, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்."

"உங்களுக்கு இவங்களைத் தெரியுமா?" என்று மனைவி வியந்தாள்.

"ஒண்ணா வேலை பார்த்தோம்" என்றார் அவர். என்னைப் பார்த்து, "இன்னும் கோவமா இருக்கீங்களாக்கா?" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார். நல்ல நாளும் அதுவுமாக, இல்லை என்ற பதிலை அவர் கையில் வைத்துக்கொண்டே கேட்டதுபோல் இருந்தது.

"ஆமா" என்றேன்.

அவர் மனைவியின் சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தை என் தோளைத் தொட்டுத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன். அவர் சொன்னது, "சரி, சாப்பிடுங்க. பொங்கல் நல்லா இருக்காம்."

கையில் இருந்த தட்டை அவர் மனைவியிடம் கொடுத்தேன். அந்தப் பெண்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதனால் குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு வரிசையிலிருந்து வெளியே வந்தேன். கணவர் ஏற்கெனவே சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அவர் முடிக்கட்டும் என்று காரில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியை ஏற்றி வைத்தும் மண்டபத்தின் ஒலிபெருக்கிச் சத்தம் உள்ளே கேட்டது. நல்ல பசி.